தட்டு போன தூரம்

பிரதீபன் எறிந்த மூன்றாவது இறப்பர்த் தட்டு நேராகப் புறப்பட்டது. நடுவழியில் மனம் மாறி இடப்பக்கம் சரிந்தது. தொழிற்சாலை முகாமையாளர் ஸமீமின் அறை ஜன்னலால் நுழைந்து, அவர் அப்போதுதான் பிரித்துவைத்த சோற்றுப் பொதியின் நடுவில் இறங்கியது.

ஸமீம் பதறும் மனிதர் அல்லர். பருப்பு வழியும் தட்டை இரு விரல்களால் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி காத்திருந்தார். அச்சுப் பிரிவின் பொறுப்பாளன் லியோன் மூச்சிரைக்க ஓடிவந்து அதைப் பெற்றுக்கொண்டான்.

"இது தூரம் போறதுக்குச் செஞ்சது தானே, லியோன்?"

"ஆமா சார்."

"என்ட சோறு அவ்வளவு தூரத்துலயா இருக்கு?"

லியோன் தட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

கஹவத்தை நகருக்கு மேலே, இறப்பர்த் தோட்டம் ஒன்றின் நடுவில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. இறப்பரை அச்சிலிட்டு வார்க்கும் அதன் அச்சுப் பிரிவு பல காலமாகக் கதவோர மிதியடிகளைச் செய்து அனுப்பிவந்தது. மிதியடி வாங்கியவர்கள் அவ்வாண்டு பிளாஸ்ரிக்குக்கு மாறிவிட்டார்கள். புதிய வேலை வராவிட்டால் பிரிவை மூடுவதென்று மேலிடம் முடிவு செய்திருந்தது. மூடினால் லியோன் கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டு அறையில் தங்கி வேலை செய்ய வேண்டும். அவன் மனைவி ஜொய்சி, தோட்டம் கொடுத்த குடியிருப்பின் சமையலறைக்கு அப்போதுதான் நீலச் சாயம் பூசி முடித்திருந்தாள். தான் கொழும்புக்கு வரப்போவதில்லை என்பதைச் சாயம் காய்வதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

அந்நிலையில்தான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து தட்டுக்கான கோரிக்கை வந்தது. அந்நாடுகளில் தட்டு எறிந்து ஆடும் கோல்ஃப் ஒன்று உண்டாம். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகத் தட்டு. குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் கூடை. ஆட்டக்காரர் முதல் வீச்சுக்கு, மற்றெல்லாத் தட்டுகளையும்விடத் தூரம் போகும் தட்டொன்றைப் பயன்படுத்துவார். அதற்கு டிரைவர் என்று பெயர். இயற்கை இறப்பரில் அப்படியொரு டிரைவர் செய்ய முடியுமா என்று நிறுவனம் கேட்டது. முடியும் என்று லியோன் அன்றே பதில் எழுதினான். அது என்னவென்று மறுநாள் தேடிப் பார்த்தான்.

காணொளிகள் அவனுக்குப் பலவற்றைக் கற்றுக்கொடுத்தன. விளிம்பு அகலமாகவும் கூர்மையாகவும் இருந்தால் தட்டு காற்றைக் கிழித்துச் செல்லும். பாரம் நடுவில் இல்லாமல் விளிம்பில் இருந்தால் சுழற்சி நிலைக்கும். முதுகு தட்டையாக இருந்தால் வேகம் கூடும். லியோன் இவை அனைத்தையும் ஒன்றுகூட விடாமல் செய்தான். அத்தகைய தட்டைப் பெரும் வேகத்தில் எறியாவிட்டால் அது இடப்பக்கம் சரிந்து சீக்கிரமே விழுந்துவிடும் என்பதையும் அதே காணொளிகள் சொல்லின. ஆனால் அந்த இடம் வருமுன் லியோனின் டேட்டா முடிந்துவிட்டது.

ஆகவே அவன் குற்றத்தை எறிபவனிடம் காணவில்லை. பிரதீபன் தோட்டத்துக் கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளன்; அவன் கையில் குறை சொல்ல எவருக்கும் துணிவில்லை. குற்றம் விளிம்பில்தான் என்று லியோன் தீர்மானித்தான். விளிம்பு மெல்லியது, இன்னும் சற்றுத் தடித்திருந்தால் சரியாமல் போகும். அலுமினிய அச்சைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கஹவத்தையில் இருந்த கடைசல் பட்டறையில் கொடுத்து, உட்புறத்தைக் கொஞ்சம் வெட்டச் சொன்னான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சில் உலோகத்தை வெட்டி எடுக்கலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அச்சில் குறைந்தது தட்டில் ஏறும். எனவே அந்த அச்சிலிருந்து பிறக்கும் தட்டுகள் மேலும் மேலும் பருக்கலாமே ஒழிய ஒருபோதும் மெலிய முடியாது. இவ்விதி தோட்டத்து உத்தியோகத்தர் பலருக்கும் பொருந்தும்.

இதற்கிடையில் ஸமீம் தமது சோற்றுப் பொதியை முன்னிட்டுப் புதிய ஒழுங்கு ஒன்றைப் பிறப்பித்தார். இனித் தட்டு எறிவதானால் இறப்பர்த் தாள் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் நின்று பள்ளத்தை நோக்கியே எறிய வேண்டும். எறியுமுன் மணி அடிக்க வேண்டும். எறியும்போது கீழே எவரும் நிற்கக்கூடாது. காலையில் எறிந்ததை, இறப்பர்ப் பாலை நிறுத்து முடிந்து பெண்கள் திரும்பும் நேரத்தில்தான் தேட வேண்டும். அதுவும் சரிவை அறிந்த கீழ் லயத்து வரிசை வீடுகளின் பெண்களே தேட வேண்டும்.

ஒழுங்கு நல்ல ஒழுங்குதான். ஆனால் மேட்டின் விளிம்பைத் தாண்டியவுடன் தரை சட்டென்று இறங்கியது. விளிம்புக்கு அப்பால் போன தட்டு கண்ணுக்கு மறைந்துவிடும். அப்பாலிருந்த சரிவோ, பழைய இறப்பர் மரங்களை வெட்டிய நாளிலிருந்து எவரும் கத்தி வைக்காத புதர்க்காடு. பருத்த விளிம்புள்ள முதல் தட்டு மேட்டைத் தாண்டிப் போனது. அது எங்கே போனது என்று சொல்ல மேட்டில் நின்ற ஒருவராலும் முடியவில்லை.

மதியம் அந்தோனியம்மா வந்தார். கீழ் லயத்தில் பால் வெட்டும் பெண்களுக்குள் மூத்தவர். பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல், அவருடைய தோளுக்கு மேலாக வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பவர்.

"தட்டு கெடைச்சிருச்சு தம்பி. அந்தா, அந்த ஒத்தைப் பலா மரத்துக்கிட்ட."

லியோன் பலா மரத்தைப் பார்த்தான். அது புதருக்குள் வெகு தூரத்தில் நின்றது.

"அங்கயா? கொண்டு வரலியா அக்கா?"

"தொட்டா ஒங்க அளவு தப்பிரும்ல. அதான் விழுந்த எடத்துலயே விட்டுட்டு வந்தோம்."

அவருடைய பொறுப்புணர்ச்சி லியோனை நெகிழச் செய்தது. ஆனால் அளவு நாடாவுடன் போனவன் பாதி வழியிலேயே முட்செடியில் மாட்டிக்கொண்டான். அவனை விடுவிக்கப் போன பிரதீபனும் மாட்டிக்கொண்டான். இருவரையும் பெண்கள் கத்தியால் வெட்டி மீட்டார்கள். அளக்க வேண்டுமானால் வழி வெட்ட வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ஸமீம் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் போனார். ஆள் கேட்டு வரும் எவருக்கும் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்புவது பெரிய துரையின் வழக்கம். ஆனால் ஏற்றுமதி என்ற சொல்லின் மேல் அவருக்கு மிகுந்த மரியாதை இருந்தது. மறுநாளே ஆட்கள் கத்தியோடு வந்து, மேட்டிலிருந்து பலா மரம்வரை சீராக ஒரு வழியை வெட்டினார்கள். தட்டு மரத்தடியில் ஒழுங்காக மல்லாந்து கிடந்தது. லியோன் அளந்தான். இரண்டாம் முறையும் அளந்தான்.

விளிம்பைத் தடிப்பாக்கினால் தூரம் கூடுகிறது. இது எல்லாக் காணொளிகளுக்கும் முரணானது. அதனாலேயே லியோனுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. அச்சு மறுபடியும் கஹவத்தைக்குப் போனது. தட்டு இன்னும் கொஞ்சம் பருத்தது.

அடுத்த தட்டு பலா மரத்தையும் தாண்டிப் புதருக்குள் கிடந்தது. மறுபடி ஆட்கள், மறுபடி கத்தி, மறுபடி நாடா. அதற்கடுத்த தட்டு ஓடைக்கு அக்கரையில் கிடந்தது. அளக்கப் போன லியோன் நாடாவோடு ஓடைக்குள் விழுந்தான். ஈரக் காற்சட்டையுடன் அவன் அலுவலகத்தில் நின்றதைக் கண்ட பெரிய துரை, களஞ்சியத்தில் கிடந்த பழைய கொங்கிறீற் தூண்களைக் கொண்டுபோய் ஓடையின் குறுக்கே அடுக்கச் சொன்னார். அளவு தவறக்கூடாது என்று அவர் சிங்களத்தில் இருமுறை வற்புறுத்தியதாக ஸமீம் வந்து சொன்னார்.

இதற்குப் பிறகுதான் கல் குறுக்கிட்டது. ஓடைக்கு அப்பால் யானை படுத்ததுபோல் பெரிய கல்லொன்று இருந்தது. அடுத்த தட்டு அந்தக் கல்லுக்குப் பின்னால் கிடைத்தது. ஸமீம் அன்று முதன்முறையாக எழுந்து நின்று பேசினார்.

"தட்டு கல்லைச் சுத்திக்கிட்டுப் போச்சு. அப்புடித் தானே சொல்றீங்க?"

"சுத்தல சார். மொதல்ல வலப்பக்கம் திரும்பும். வேகம் கொறைஞ்சதும் இடப்பக்கம் வளைஞ்சு எறங்கும். நல்ல டிரைவர் எல்லாம் அப்பிடித்தான் போகும்னு வீடியோவுலயே இருக்கு."

"அங்க கல்லு இருக்கிறது அதுக்குத் தெரியுமா?"

லியோன் கரும்பலகையில் தட்டின் பாதையை வரைந்து காட்டினான். அழகான வளைவு. வெட்டிய வழியும் அதே வளைவில்தான் போனது. இரண்டும் இத்தனை பொருத்தமாய் இருப்பதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று அவன் கேட்டான். ஸமீம் வளைவைப் பார்த்துவிட்டு, சரி சரி என்பதைச் சிங்களத்தில் ஹரி ஹரி என்று சொல்லி உட்கார்ந்தார்.

தூரம் வளர்ந்ததுபோலவே தொல்லையும் வளர்ந்தது. வழி வெட்டப்பட்டவுடன் சனங்கள் அதில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கீழ் லயத்திலிருந்து பஸ் வீதிக்குப் போவதானால், மேலே ஏறித் தொழிற்சாலையைக் கடந்து, வண்டிப்பாதையால் மலையை ஒரு வளையம் சுற்றி இறங்க வேண்டும். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் லியோனின் வழியால் இறங்கி, எஞ்சிய புதரைக் குனிந்து கடந்து போனார்கள். அவன் ஊன்றிய அடையாளக் கோல்களை ஆடுகள் சாய்த்தன. ஒருநாள் முச்சக்கரவண்டி ஒன்றின் தடத்தையே அவன் கண்டான். உடனே ஒரு பலகை எழுதி நட்டான்: இது சோதனைக் களம், நடமாடாதீர். மறுநாள் அந்தப் பலகையில் யாரோ குடையைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

கம்பி வேலி போடுவதென்று தீர்மானித்து, அதை முன்கூட்டியே அறிவிப்பது மரியாதை என்று எண்ணி அந்தோனியம்மாவிடம் போனான்.

அவர் அவனுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். "போடுங்க தம்பி. நல்லதுதான். தட்டைத் தேட மட்டும் நீங்களே எறங்கிருங்க. கம்பியில சீலை மாட்டுனா எங்களுக்குச் செரிப்படாது."

முட்செடியில் மாட்டிக்கொண்ட நாளை லியோன் நினைத்துப் பார்த்தான். வேலி வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

அச்சு கடைசி முறையாகக் கஹவத்தைக்குப் போய் வந்தது. இனி வெட்டினால் அச்சில் ஓட்டை விழும் என்று பட்டறைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதிலிருந்து வந்த தட்டுக்கு இப்போது கூரிய விளிம்பு என்று ஒன்றே இல்லை. தடித்து, உருண்டு, மெத்தென்று, பருப்புச் சட்டியின் மூடிபோல் இருந்தது. அதைக் கையில் வாங்கிய பிரதீபன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது போகுமா?"

"போறது ஒன் வேலை இல்ல. எறியறதுதான் ஒன் வேலை."

மணி அடித்தது. பிரதீபன் எறிந்தான். தட்டு மேட்டின் விளிம்பைத் தாண்டி மறைந்தது. மதியம் அந்தோனியம்மா வந்து, அது பஸ் வீதியோரத்தில், பஸ் நிற்கும் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் கிடப்பதாகச் சொன்னார். நடுவில் கொஞ்சம் புதர் இன்னும் வெட்டப்படாமல் இருப்பதையும், அளவு நாடாவுக்கு அது இடைஞ்சலாக இருக்கும் என்பதையும் அவரே நினைவூட்டினார். ஆட்கள் வந்து அதையும் வெட்டினார்கள்.

அன்று மாலை லியோன் தன் கணக்கைக் காணொளிகளிலுள்ள கணக்குகளோடு ஒப்பிட்டான். உலகில் எந்த மனிதரும் அவ்வளவு தூரம் எறிந்ததில்லை. ஜொய்சியிடம் சொன்னபோது, பிரதீபன் கிரிக்கெட்டில் பந்தை எல்லைக்கோட்டிலிருந்து விக்கெற் காப்பாளரிடம்கூடச் சேர்த்ததில்லையே என்று மட்டும் அவள் சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போனாள்.

லியோன் நேர்மையானவன். ஆயினும் உள்ளதை உள்ளபடி எழுதினால் பொய்யன் என்பார்கள் என்று அஞ்சி, தூரத்தைப் பாதியாக்கி அறிக்கை எழுதினான். உண்மையைக் குறைத்துச் சொல்வது பொய்யாகாது, அடக்கமே ஆகும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அறிக்கையைப் படித்த ஸமீமும் அதே அச்சத்தால் இன்னும் சற்றுக் குறைத்தார். அப்படியிருந்தும் அது போய்ச் சேர்ந்தவுடனேயே, நிறுவனத்தின் கொழும்புப் பிரதிநிதியான மஸீஹா என்ற பெண்மணி நேரில் வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். அவர் பேச்சில் பாராட்டைவிடச் சந்தேகமே மிகுந்திருந்தது என்றார் ஸமீம். பிரிவு இருப்பதும் மூடுவதும் மஸீஹாவின் ஒரு சொல்லில் இருந்தது.

குறித்த நாளில் எல்லாரும் வண்டிப்பாதையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மஸீஹா பின்பக்கமாக வந்தார். வான் வண்டியைப் பஸ் வீதியில் நிறுத்திவிட்டு, முச்சக்கரவண்டியொன்றில் சோதனைக் களத்தின் வழியாகவே மேலே ஏறி, நடமாடாதீர் என்ற பலகைக்குப் பக்கத்தில் இறங்கினார். நல்ல ரோட் என்று பாராட்டினார். லியோன் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

தாமும் அந்த ஆட்டத்தை ஆடுவதாகச் சொன்ன அவர், தட்டைக் கையில் வாங்கி, விளிம்பைத் தடவி, லியோனின் முகத்தைப் பார்த்தார். பிறகு, தாம் மேட்டில் நிற்கப்போவதில்லை என்றும், விளிம்புக்குக் கீழே இறங்கி நின்று தட்டு போவதைப் பார்க்கப்போவதாகவும் அறிவித்தார். எறியும்போது கீழே எவரும் நிற்கக்கூடாது என்ற ஒழுங்கை ஸமீம் பணிவுடன் எடுத்துச் சொன்னார். மஸீஹா தலைக்கவசம் ஒன்று கேட்டார். லியோனும் ஸமீமும் தாமும் கவசம் அணிந்து அவருடன் இறங்கி, வழியோரத்தில் நின்றார்கள்.

மணி அடித்தது. தட்டு விளிம்பைத் தாண்டி வந்தது. அவர்களுடைய தலைக்கு மேலே ஒரு கணம் தயங்கியது. பிறகு, நனைந்த சாக்கு விழுவதுபோல் பொத்தென்று அவர்கள் முன்னால் விழுந்து, அசையாமல் கிடந்தது.

லியோன் இன்னும் பஸ் வீதிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தட்டும் அங்கேதான் விழுந்தது. மூன்றாவது அதன் மேலேயே விழுந்தது. பிரதீபன் மேலிருந்து, எவ்வளவு தூரம் போனது என்று குரல் கொடுத்துக் கேட்டான். லியோனின் மனக்கண்ணில் நீலச் சமையலறை ஒன்று மெல்லத் தூரம் போய்க்கொண்டிருந்தது.

மஸீஹா மூன்று தட்டுகளையும் பொறுக்கினார். அவை கிடந்த இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் யாரோ வைத்திருந்த பால்வாளி ஒன்றைக் காட்டி, அதைச் சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் வைக்கச் சொன்னார். பின் ஒவ்வொரு தட்டாக எடுத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து விட்டார். முதல் தட்டு வாளியின் வாயில் சாய்ந்து நின்றது. இரண்டாவது வாளியில் பட்டு, துள்ளாமல், அதன் அடியிலேயே விழுந்தது. மூன்றாவதும் அப்படியே.

"இது டிரைவர் இல்ல," என்றார்.

"தெரியுது மேடம்," என்றார் ஸமீம்.

"கூடைக்குக் கிட்ட வந்ததும் போடுறதுக்கு வேற தட்டு இருக்கு. அது தூரம் போகக் கூடாது. விழுந்தா துள்ளக் கூடாது, உருளக் கூடாது. கையில வழுக்கவும் கூடாது. இறப்பர்ல அப்படி ஒண்ணு அவங்களுக்கு இன்னும் சரியா அமையல. இதை நான் எடுத்துக்கிறேன். அச்சை மட்டும் இனிமே தொடாதீங்க."

ஸமீம் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மஸீஹா முச்சக்கரவண்டியில் ஏறியபின் லியோனை அருகில் அழைத்து, அந்த அறிக்கையை வேறு ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

பிரிவு பிழைத்தது. பிரதீபனும் மற்றவர்களும் தேநீர் ஊற்றப் போனார்கள். லியோன் மட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தான். விழுந்த இடத்தைவிட்டு அசையாத ஒரு தட்டு ஓடையைக் கடந்திருக்கிறது, கல்லைச் சுற்றியிருக்கிறது, வீதியோரம் போய் மல்லாந்து படுத்திருக்கிறது. கோப்பையை வைத்துவிட்டு அவன் வழியே இறங்கினான். பலா மரத்தைத் தாண்டி, கொங்கிறீற் தூண்களில் நடந்து, கல்லைச் சுற்றிப் போனான். கால் ஓரிடத்திலும் இடறவில்லை. பஸ் வீதிக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

தரிப்பிடத்தில் அந்தோனியம்மாவும் கீழ் லயத்துப் பெண்கள் சிலரும் நல்ல சேலை உடுத்தி, கஹவத்தைக்குப் போக நின்றார்கள். லியோன் நேராகவே கேட்டான். இத்தனை நாளும் இவ்வளவு தூரம் வந்த தட்டு, இன்றைக்கு மட்டும் ஏன் மேட்டடியிலேயே விழுந்து கிடந்தது?

அந்தோனியம்மா வழக்கம்போல் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தார். வளைவில் பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் கையைக் காட்டி அதை நிறுத்தினார், மற்றவர்களை ஏற்றிவிட்டார், தாமும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"பாதைதான் ரோட்டுக்கு வந்து சேந்திருச்சே தம்பி. இன்னும் எதுக்கு நாங்க அதைத் தூக்கிக்கிட்டு நடக்கணும்?"